கணக்கு வேறு, பிள்ளை வேறு

நிதி மோசடி வழக்கில் சிக்கிய தாய் தந்தையரைக் காணக் குழந்தைகளுக்குள்ள உரிமை குறித்து வேப்பம்பட்டிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

பெறுவோர்: தமிழ்நாடு அரசின் சட்டம், உள்துறை, சமூக நலத் துறைகள், சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளர், சிறைத்துறைத் தலைவர், திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, ஆவடி மாநகரக் காவல் ஆணையர்.

மின்சார ரயிலில் திருநின்றவூரை அடுத்து வருகிறது வேப்பம்பட்டு. மாதச் சம்பளக்காரர்களும், பி.எஃப். பணத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்களும், ஆவடித் தொழிற்சாலைகளில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவர்களும் குடியிருக்கும் ஊர். கையில் கொஞ்சம் காசும், பிள்ளைக்கு ஏதாவது சேர்த்துவைக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிற இடம். அதனால் ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு பிடிப்பவர்களுக்கும், ஒரே மனையை இரண்டு பேருக்குப் பத்திரம் போட்டுக் கொடுப்பவர்களுக்கும், 'லட்சம் போட்டால் மாதம் முப்பதாயிரம்' என்பவர்களுக்கும் இங்கே ஆள் கிடைக்காமல் போனதில்லை.

அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் மீது 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கும். ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அந்த மாதிரி வழக்குகளில் பணம் போட்டவர்களின் பட்டியல் இருக்கும், முடக்கிய சொத்துகளின் பட்டியல் இருக்கும், குற்றம் சாட்டப்பட்டவர்களின் பட்டியல் இருக்கும். கடைசிப் பட்டியல் எவ்வளவு நீளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலே இருக்கும் நான்கைந்து இயக்குநர்களோடு அது முடியாது. தானும் பணம் போட்டு, கமிஷனுக்காக மச்சானையும் அலுவலக நண்பரையும் சேர்த்துவிட்டு, கடைசியில் ஏஜென்ட் என்ற பெயரில் மாட்டிக்கொள்கிற உள்ளூர்க்காரர் வரைக்கும் வரும். அவருக்கு ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் இருப்பாள். எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் வராது.

பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். விடியற்காலையில் வீட்டு வாசலில் கூட்டம். புகார், கைது, ரிமாண்ட், புழல். பிள்ளையை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகும் மனைவி. சிம் மாறும், பள்ளி மாறும். சில மாதம் கழித்து ஜாமீனில் வந்த மனிதர் மாமனார் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பார். 'என் நகையை வித்துத் தின்னவனுக்குப் பிள்ளை ஒரு கேடா?' என்று உள்ளிருந்து குரல் வரும். அந்தக் குரலில் நியாயம் இல்லையென்று எங்களில் ஒருவரும் சொல்ல மாட்டோம். எங்களிலேயே நகையை இழந்த பெண்கள் இருக்கிறார்கள், சீட்டுப் பணத்தை இழந்த பெரியவர்கள் இருக்கிறார்கள், பேரனை இரண்டு வீட்டுக்கும் நடுவே இழுத்துக்கொண்டு திரியும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். இது மோசடிக்காரருக்கு நாங்கள் போடும் வக்காலத்து அல்ல. அவர் பட்ட கடன் அவருக்கு. பிள்ளை அந்தக் கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த சொத்து இல்லை. நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதை எப்படிச் செயலாக்குவது என்பதைப் பற்றியது.

சட்டம் ஏற்கெனவே எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நாங்கள் கேட்பதில் பாதி புதிதல்ல.

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் குழந்தையைப் பராமரிக்கும் காப்பாளர் ஒருவர், குழந்தையின் சொத்தைப் பராமரிக்கும் காப்பாளர் ஒருவர் என்று இரண்டு பொறுப்புகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிள்ளையின் பெயரிலுள்ள அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் இயற்கைக் காப்பாளரே விற்க முடியாது என்கிறது. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, காப்பாளரை முடிவு செய்யும்போது குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. அதாவது பணத்தில் நம்ப முடியாத ஆளைப் பிள்ளையின் பணத்திலிருந்து விலக்கி வைக்கவும், அதே ஆளைப் பிள்ளை பார்க்க வழி செய்யவும் நூறு வருஷத்துக்கு மேலாகவே சட்டத்தில் இடம் இருக்கிறது. நடைமுறையில் இரண்டையும் ஒரே பூட்டில் பூட்டிவிடுகிறோம்.

2020 ஜனவரியில் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. தாய், தந்தை இருவரின் அன்பும் குழந்தைக்கு வேண்டும். மிகவும் கடுமையான சூழ்நிலையில் மட்டுமே ஒருவரை முற்றாக விலக்கலாம். அப்படி விலக்கினால் காரணத்தை எழுத வேண்டும். தொலைவில் இருப்பவர் போனிலும் வீடியோ அழைப்பிலும் பேசும் தொடர்புரிமை பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. அது அயல்நாட்டில் குடியிருந்த தம்பதியின் வழக்கு. அமெரிக்காவில் இருப்பவருக்குக் கிடைக்கும் வீடியோ அழைப்பு புழலில் இருப்பவரின் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று நாங்கள் அதைப் படிக்கிறோம்.

சிறையைப் பற்றி இன்னும் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1979-இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பிரிட்டிஷ் பெண், அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு மற்றும் கடத்தல் தடுப்புச் சட்டமான காஃபிபோசாவின் கீழ் திகார் சிறையில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள். அவருடைய அக்காவோ தங்கையோ, சகோதரி ஒருவர்தான் அந்தக் குழந்தையை வளர்த்துவந்தார். மகளைப் பார்க்க மாதத்துக்கு ஒரு முறைதான் அனுமதி. 1981 ஜனவரி 13 அன்று நீதிபதிகள் பி.என். பகவதியும் முர்தசா பசல் அலியும், குடும்பத்தினரைச் சந்திப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்து, மாதம் ஒரு முறை என்ற விதியைச் செல்லாதென்று தள்ளினார்கள். விசாரணைக் கைதிகளுக்கு வாரம் இரண்டு சந்திப்பு இருக்கும்போது இவருக்கு ஏன் மாதம் ஒன்று என்பதும் அதில் ஒரு கேள்வி. வாழ்வுரிமை என்றால் மனித மாண்போடு வாழும் உரிமை என்று இன்றைக்கு ஆளாளுக்கு மேற்கோள் காட்டும் தீர்ப்பு இதுதான். அது பிறந்தது, பொருளாதாரக் குற்றத் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போன தாயை ஐந்து வயதுப் பெண் பார்க்க முடியாமல் போனதால். சட்டக் கல்லூரியில் இந்தத் தீர்ப்பைப் படித்தவர்கள் அந்தக் குழந்தையை மறந்துவிட்டார்கள்.

எதிர்த்தரப்பின் சட்டமும் வலுவானதே. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'பொருளாதார வன்கொடுமை'யையும் வன்முறையில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மனைவியின் சீர்நகையைத் தெரியாமல் அடகு வைப்பதும் கூட்டுச் சொத்தைக் கைமாற்றுவதும் அதில் வரும். அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு, சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு என்று மாஜிஸ்திரேட் கருதினால் மறுக்கவும் அதிகாரம் தருகிறது. 2008-இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில், குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைக்கும் முன் அவர் மீது நிலுவையிலுள்ள குற்ற வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் எடைபோட்டிருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அது மனைவியின் மரணம் தொடர்பான வழக்கு. கேட்டது பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பொறுப்பு. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பார்ப்பதற்கு அதே தராசைத் தூக்கிக்கொண்டு வருவதை ஏற்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவது: முதல் தகவல் அறிக்கை ஒன்று இருக்கிறது என்பதை மட்டுமே காரணமாக்கி எந்தக் குழந்தைக்கும் பெற்றோர் சந்திப்பை மறுக்கக் கூடாது. மறுப்பதானால் நீதிபதி தம் கைப்படக் காரணத்தை எழுத வேண்டும். மோசடி என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவோ இருக்கிறது. வியாபாரம் நொடித்துச் செக் திரும்பியவரும் அதில் வருகிறார். திட்டம் போட்டு ஊரையே ஏமாற்றி வெளிநாட்டுக்கு ஓடியவரும் வருகிறார். மனைவியின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கியவரும் வருகிறார். எனவே நீதிமன்றம் கேட்க வேண்டியது வேறு. பிள்ளையின் பெயரையோ ஆதாரையோ கணக்கையோ மோசடிக்குப் பயன்படுத்தினாரா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவரா? வீட்டில் அடிதடி இருந்ததா? பிள்ளையைத் தூது அனுப்பிச் சாட்சியை மிரட்டுவாரா? இவற்றுக்கு ஆமென்று பதில் வந்தால் கண்காணிப்பில் சந்திப்பு, அதுவும் சரிவராதென்றால் வீடியோ அழைப்பு, அதற்கும் வழியில்லையென்றால் கடிதம். கதவைச் சாத்துவது கடைசியாக இருக்கட்டும்.

இரண்டாவது கோரிக்கை பணத்தைப் பற்றியது. இதில் நாங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் ஓர் அங்குலம்கூட இறங்கி வரத் தயாராக இல்லை. மோசடி வழக்கில் உள்ளவருக்குச் சந்திப்புரிமை தரும் ஒவ்வொரு உத்தரவிலும் சில நிபந்தனைகள் அச்சடித்தாற்போல் இருந்தாக வேண்டும். பிள்ளையின் சொத்துக்கான காப்பாளர் பொறுப்பு அவரிடம் இருக்கக் கூடாது; செல்வமகள் கணக்கானாலும் தாத்தா போட்ட வைப்புத்தொகையானாலும் மற்றவர் பெயரிலோ நீதிமன்றம் சொல்லும் உறவினர் பெயரிலோ இருக்கட்டும். பிள்ளையின் ஆதார், பான், பள்ளிக் கணக்கு விவரங்களை அவர் கேட்கவும் கூடாது, பிள்ளையின் போனில் வரும் ஓ.டி.பி.யைப் பார்க்கவும் கூடாது. பதினாறு வயதுப் பையனை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது. 'அம்மாகிட்டச் சொல்லி அந்த வீட்டை விக்கச் சொல்லு' என்ற பேச்சு சந்திப்பு நேரத்தில் வரக் கூடாது. தங்கச் சங்கிலி, விலையுயர்ந்த போன் எல்லாம் வேண்டாம். அந்தக் காசு யாருடைய காசு என்ற கேள்வியைப் பிள்ளை சுமக்க வேண்டாம். புத்தகம் வாங்கித் தரலாம், பிரியாணி வாங்கித் தரலாம்.

பாஸ்போர்ட்டையும் இதில் சேர்க்கிறோம். ஆருத்ரா விவகாரத்திலேயே முக்கியப் புள்ளி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடத்துவதைத் தடுக்கும் 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது சுலபமல்ல. ஆகவே ஓடிவிடும் அச்சம் உள்ள வழக்குகளில் சந்திப்பவரின் பாஸ்போர்ட்டும் பிள்ளையின் பாஸ்போர்ட்டும் நீதிமன்றத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது: ஜீவனாம்சத்தையும் சந்திப்பையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடக் கூடாது. 'மாசப் பணம் வந்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன்' என்பதும் தப்பு, 'பிள்ளையைக் காட்டினால்தான் பணம் கொடுப்பேன்' என்பதும் தப்பு. டான்பிட் சட்டம் என்று நாம் சொல்லும் 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொத்து முடக்கப்பட்டவரால் உண்மையிலேயே கட்ட முடியாமல் போகலாம். பினாமி பெயரில் வைத்துக்கொண்டு முடியாது என்று நடிக்கவும் செய்யலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. அதில் பொய் சொன்னால் அதற்குரிய தண்டனை கிடைக்கட்டும். பிள்ளையின் சனிக்கிழமையைப் பிடுங்குவது அந்தத் தண்டனை ஆகாது.

நான்காவது கோரிக்கை புழலைப் பற்றியது. 2006 முதல் சென்னை மத்தியச் சிறை அங்கேதான். வேப்பம்பட்டிலிருந்து போவதானால் ஆவடி வந்து பேருந்து மாற வேண்டும். மனு போட்டுப் பார்ப்பது என்றால் என்னவென்று போய் வந்தவர்களுக்குத் தெரியும். அடையாள அட்டை, வரிசை, காத்திருப்பு, பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு முகம், சுற்றிலும் இரைச்சல். பெரியவர்களே நான்கு வார்த்தை பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஏழு வயதுக் குழந்தை என்ன பேசும்? பெண் கைதிகளுக்கான 2010-ஆம் ஆண்டின் பாங்காக் விதிகளை ஐ.நா. பொதுச்சபை ஏற்றபோது, பிள்ளைகள் வரும் சந்திப்பு நல்ல சூழலில், தாயைத் தொட்டுப் பேச முடிகிற வகையில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். 2018-இல் ஐரோப்பிய கவுன்சில், சிறையிலுள்ள பெற்றோரின் குழந்தைகளுக்கென்றே தனிப் பரிந்துரை வெளியிட்டது. நாங்கள் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை வந்தால் தடுப்பு இல்லாத ஓர் அறை. காவலர் நிற்கட்டும், சோதனை நடக்கட்டும். பள்ளி நாளில் லீவு போட்டு வரும்படி ஆகாமல் சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறையிலும் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய நேரம். அழைத்து வர அம்மாவுக்கு மனமில்லையென்றால், அவரை வற்புறுத்தாமல், பாட்டியோ சித்தப்பாவோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலரோ அழைத்து வர ஏற்பாடு. கொரோனா காலத்தில் சிறைகளுக்கு வந்த வீடியோ அழைப்பில், பிள்ளைக்குப் பள்ளி விட்ட பிறகான மாலை நேரம்.

தண்டனைக் கைதிகளுக்காவது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி விடுப்பு என்று ஒன்று உண்டு. பிள்ளையைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்க்க ஏற்பாடு செய்வதும் அதற்கு ஒரு காரணமாக அந்த விதிகளில் இருக்கிறது. அதை எழுதிய அதிகாரி யாரோ, பிள்ளை பெற்றவராகத்தான் இருந்திருப்பார். விசாரணைக் கைதிக்கு அதுவும் இல்லை. மோசடி வழக்குகளில் ஆவணம், தணிக்கை, வாய்தா என்று விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். குற்றம் நிரூபணமானவருக்குக் கிடைக்கும் சலுகை, நிரூபணமாகாதவரின் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது தலைகீழான ஏற்பாடு. ஆண்டுக்கு ஒரு முறை, காவலர் துணையோடு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கோ முக்கிய மருத்துவச் சிகிச்சைக்கோ விசாரணைக் கைதியை அனுப்ப விதி வேண்டும்.

தாய்மார்களைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சீட்டு பிடிப்பதில் பெண்கள் அதிகம் என்பதால் உள்ளே போகிறவர்களிலும் பெண்கள் உண்டு. 2006-இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். ஆறாவது பிறந்தநாளுக்குப் பிறகு? அதுவரை இரவும் பகலும் அம்மாவோடு இருந்த பிள்ளை திடீரென்று மனு போட்டுப் பார்க்கும் பார்வையாளர் ஆகிவிடுகிறது. சொந்தக்காரர்கள் வெட்கப்பட்டு அழைத்து வராமலே விட்டுவிடுவதும் உண்டு. அப்பா மோசடி செய்தால் 'ஏமாந்துட்டான்' என்று சொல்லும் ஊர், அம்மா செய்தால் 'இவளெல்லாம் ஒரு தாயா' என்று கேட்கும். வெளியே வந்த குழந்தைக்கு முதல் ஓராண்டு வாரம் ஒரு சந்திப்பாவது கட்டாயம் வேண்டும். அதை நடத்திக்காட்டும் பொறுப்பு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இருக்க வேண்டும்.

ஜாமீனில் வெளியே இருப்பவர் கதை வேறு. 'தினமும் காலை பத்தரை மணிக்கு ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்' என்று ஒரு நீதிமன்றம் சொல்லும். 'சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பிள்ளையைப் பார்க்கலாம்' என்று இன்னொரு நீதிமன்றம் சொல்லும். ஒன்றின் உத்தரவு மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டு வாரம் வராவிட்டால் 'அவருக்குப் பிள்ளை மேல் அக்கறை இல்லை' என்று மனு தாக்கலாகும். சந்திப்பு உத்தரவின் நகல் குற்ற வழக்கு நடக்கும் நீதிமன்றத்துக்கும், ஜாமீன் உத்தரவின் நகல் குடும்ப நல நீதிமன்றத்துக்கும் தானாகப் போக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இடம்? காவல் நிலையம் கூடாது, நீதிமன்ற வராந்தாவும் கூடாது. வராந்தாவில் பணம் போட்டவர்கள் நிற்பார்கள். பிள்ளையின் கண்ணெதிரே அப்பாவின் சட்டையைப் பிடித்துவிடுவார்கள், பிடிப்பவர்கள் மேல் கோபப்படவும் முடியாது. ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருவள்ளூர்த் தடத்தில் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறையைச் சனிக்கிழமைகளில் சந்திப்பறையாகத் திறந்துவிடலாம். மின்விசிறி, கழிப்பறை, குடிநீர், சமூகப் பணி படித்த ஒருவர் இருந்தால் போதும். சென்னை வரைக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய், அவர் வராமல், திரும்ப அழைத்து வரும் அம்மாக்களுக்கு இது பெரிய விஷயம். முன்கூட்டிச் சொல்லாமல் மூன்று முறை வராதவருக்குச் சந்திப்பு நேரத்தைக் குறைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்தது பெயர். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை முதலியோரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் குழந்தை அந்த வரிசையில் இல்லை. கைதுச் செய்தியோடு குடும்பப் படத்தைப் போடுவதும், 'இவன் பிள்ளை இந்த ஸ்கூல்லதான் படிக்குது' என்று வாட்ஸ்அப்பில் பரப்புவதும் சட்டப்படி தடுக்க ஆளில்லாமல் நடக்கிறது. அடையாளத்தைக் காக்கும் அந்தச் சட்டப் பிரிவைத் திருத்தக் கோருகிறோம். அதுவரை ஆவடி காவல் ஆணையர் ஓர் அறிவிப்பாவது வெளியிடட்டும். பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை: பெற்றோர் மீது வழக்கு இருக்கிறது என்பதற்காக மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கக் கூடாது. தேர்வறிக்கையையும் ஆண்டுவிழா அழைப்பையும் நீதிமன்றத் தடை இல்லாத வரை இரு பெற்றோருக்கும் அனுப்பலாம்.

இனி, குழந்தையிடம் உண்மையைச் சொல்வது. 'அப்பா துபாய்ல வேலை பாக்குறார்' என்பது நம் வீடுகளில் சொல்லும் பொய். அந்தப் பொய் பள்ளி வேனில் உடையும், வேறு யார் வாயிலிருந்தோ. இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. பிரிந்திருக்கும் பெற்றோரோடு தொடர்ந்து பழகும் உரிமை குழந்தைக்கு உண்டு, அதன் நலனுக்கு எதிராக இருந்தாலொழிய. அரசின் நடவடிக்கையால் பெற்றோர் சிறைப்பட்டிருந்தால் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் சொல்ல வேண்டும், சொல்வது குழந்தைக்குக் கேடாக இருந்தாலொழிய. அப்பா மற்றவர்கள் பணத்தை எடுத்துவிட்டார், அது தப்பு, அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், உன் மேல் அவருக்குப் பிரியம் உண்டு: எட்டு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு சொல்லலாம், புரியும். எப்படிச் சொல்வது என்று தெரியாத குடும்பங்களுக்கு ஆலோசகர் உதவி இலவசமாகக் கிடைக்க வேண்டும். மனநல, சமூக நல வல்லுநர்களின் உதவியை நாட 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

பிள்ளைக்குப் பார்க்க விருப்பமில்லை என்றால்? பதினான்கு வயதுப் பெண், தன் கல்லூரிக்கு என்று அம்மா சேர்த்த பணத்தை அப்பா எடுத்துவிட்டார் என்று தெரிந்து முகம் பார்க்க மறுத்தால், அவளை வலுக்கட்டாயமாக அறைக்குள் அனுப்புவதை நாங்கள் ஏற்க மாட்டோம். நீதிபதி அவளிடம் தனியாகப் பேசட்டும். யாராவது சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாளா என்று பார்க்கட்டும். அவள் வார்த்தைதான் என்றால் அதற்கு மதிப்புக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கட்டும். சந்திப்புரிமை அவளுடையது என்று நாங்கள் சொல்வது உண்மையானால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவளுடையதே.

எதைக் கேட்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறோம். பிள்ளையைக் காரணம் காட்டி ஜாமீன் கேட்கவில்லை. தண்டனைக் குறைப்புக் கேட்கவில்லை. முடக்கிய சொத்தை விடுவிக்கச் சொல்லவில்லை. அது பணம் போட்டவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது, போய்ச் சேர ஏன் இவ்வளவு தாமதம் என்று அவர்களோடு சேர்ந்து நாங்களும் கேட்கிறோம். பிள்ளையைத் தன்னிடமே ஒப்படைக்கச் சொல்லும் வழக்குகளிலும் தலையிடவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நீதிபதி முன் கண்ணீர் விடும் நாடகங்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். பிள்ளையை வைத்து அனுதாபம் தேடுபவரும் பிள்ளையை வைத்துப் பழி தீர்ப்பவரும் எங்களுக்கு ஒன்றுதான்.

சட்ட ஆணையம் 2015 மே மாதம் கொடுத்த 257-ஆவது அறிக்கையில் காப்பாளர் பொறுப்பு, சந்திப்பு ஆகியவற்றுக்கு விரிவான வழிகாட்டுதல்களை எழுதிக் கொடுத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. நாடாளுமன்றம் எழுந்திருக்கும் வரை காத்திருக்க எங்கள் பிள்ளைகளுக்கு வயது போதாது. சுற்றறிக்கையாலும் சிறை விதித் திருத்தத்தாலும் செய்யக்கூடியவற்றைத் தமிழ்நாடு அரசும் உயர் நீதிமன்றமும் இப்போதே செய்யலாம். முதற்படியாக, பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்துக்குள் திருவள்ளூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இந்தப் பொருளில் ஓர் அமர்வு நடத்த வேண்டும். அதில் சிறைத்துறை, காவல்துறை, பள்ளிக் கல்வித்துறை மூன்றின் அலுவலர்களும் உட்கார வேண்டும். குழந்தையை வைத்திருப்பவரும் வரட்டும், பார்க்க முடியாதவரும் வரட்டும். ஒரே அறையில் உட்கார முடியாதென்றால் வேறு வேறு நேரத்தில் வரட்டும்.

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். பணத்தை இழந்தவர்களே, உங்கள் கையெழுத்தைத்தான் முதலில் கேட்கிறோம். நீங்கள் போட்டுக் கொடுத்தால் இதை யாரும் குற்றவாளிகளின் மனு என்று ஒதுக்கிவைக்க முடியாது.